தேனீக்கு அம்மை போட்ட கதை

அரும்பாவூர் அங்கமுத்து நாற்பது வயதுக்குள் இரண்டு தொழில்களை விட்டவர். வாடகை சைக்கிள் கடை வைத்தார். ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனவன் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். கோழி வளர்த்தார், கீரிப்பிள்ளை கொழுத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஒரு தேனீப் பெட்டி வாங்கி வேலியோரம் வைத்தார். அதிசயமாக அது இரண்டு வருடம் நிலைத்தது.

மூன்றாம் வருடச் சித்திரையில் சில தேனீக்கள் முதுகில் மஞ்சள் முத்துகளோடு திரும்பின. மனைவி இருசம்மாள் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துட்டா!"

பெட்டியில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது, கறி நின்றது. அதைக்கூட அங்கமுத்து பொறுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டிலிருந்த அவள் தம்பி ராசாங்கம்தான் பொறுக்கவில்லை.

"மாமா, ஞாயித்துக்கெழம பெட்டியக் கொளுத்திடுவேன். எம்புள்ளைங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

"ஏன்டா மாப்ள, ஆத்தாவையா கொளுத்துவ?"

"மனுசனுக்கு வந்தா ஆத்தா. ஈக்கு வந்தா சீக்கு."

இந்தப் பெட்டியும் போனால் அங்கமுத்துவுக்கு வேறு தொழில் இல்லை.

சனிக்கிழமை காலை தேனீக்கள் போகும் திசையிலேயே நடந்தார். ஓடைக்கரை இலுப்பை மரத்தின் கவட்டில் ஒரு செடி ஒட்டி வளர்ந்திருந்தது. சரம் சரமாகப் பூத் தொங்கியது. மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். வெறும் முதுகோடு பூவுக்குள் நுழைந்த தேனீ, முத்தோடு வெளியே வந்தது. முத்தோடு நுழைந்த இன்னொன்று வெறும் முதுகோடு வந்தது. அம்மை இப்படியா இறங்கும்?

ஒரு ஈர்க்குச்சியைப் பூவுக்குள் விட்டு எடுத்தார். நுனியில் இரண்டு மஞ்சள் முத்துகள். மற்ற பூக்கள் மகரந்தத்தைப் பொடியாக உதிர்க்கும். இந்தப் பூ அதை உருண்டையாகப் பிடித்து, பசை தடவி, வருகிற தேனீ முதுகில் ஒட்டி அனுப்புகிறது. அடுத்த பூ அதைப் பிடுங்கிக்கொண்டு காய்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ராசாங்கம் மண்ணெண்ணெய் டின்னோடு வந்தான். அங்கமுத்து ஒரு சரத்தை நீட்டிக் குச்சியை விட்டுக் காட்டினார்.

"கண்கட்டு வித்தையெல்லாம் நம்மகிட்ட வேணாம் மாமா" என்று ராசாங்கம் தன் சுண்டுவிரலைப் பூவுக்குள் விட்டான். எடுத்தபோது நகத்தின் மேல் மஞ்சள் முத்துகள்.

"ஏ இருசு, ஓடியா! ஒந்தம்பிக்கு அம்மை போட்டுருச்சு! எங்கடா தீப்பெட்டி?"

ராசாங்கம் விரலை வேட்டியில் தேய்த்தான். பசை விடவில்லை. இருசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தேனாச்சும் குடுக்குதா இந்தப் பூவு?" என்றான் ராசாங்கம்.

"ஒரு சொட்டு இல்ல. நக்கிப் பாத்துட்டேன்."

"அப்பறம் எதுக்கு இந்த ஈ அங்க போவுது?"

"நீ எதுக்குடா ஒவ்வொரு கட்சிக் கூட்டத்துக்கும் போற? ஜோடனையப் பாத்துத்தான!"

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் ராசாங்கத்தின் மனைவி பூங்காவனத்தின் குரல் கேட்டது.

"அடுப்புக்கு வெச்சிருந்த சீமெண்ணெய எவன் எடுத்தது?"

ராசாங்கம் சுண்டுவிரலைத் தனியே தூக்கிப் பிடித்தபடி, டின்னோடு வேலியைத் தாண்டினான்.