கறுப்பு உறை போட்ட மருந்து

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது, சொட்டு மருந்துப் பையின் மேல் மாட்டியிருந்த கறுப்பு உறை. வெளிச்சம் படக்கூடாத மருந்து என்றார் நர்ஸ். தேனியில் ஒரு தனியார் மருத்துவமனை. கட்டிலில் என் மனைவி. நுரையீரலில் பூஞ்சை. மருந்து ஏறத் தொடங்கியதும் குளிரில் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. கால்களைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் திராட்சைக் கொடியில் நோய் கண்டால் இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவோம். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். பெரும்பாலும் கேட்கும். அவளுக்கு இருமல் வந்தபோது நானும் அப்படியே செய்தேன். சின்னமனூர் மெடிக்கலில் நின்று, இருமல் எப்படி என்று சொன்னேன். பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரை கொடுத்தார்கள். தீர்ந்ததும் காலி அட்டையைக் காட்டி மறுபடி வாங்கினேன். மூன்று வாரம் போனது. அவளுக்குச் சர்க்கரை வேறு.

அவள் உயிரியல் ஆசிரியை. பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை, பூஞ்சைக்கு உண்டு. ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதைத் தொடாது என்று வருடா வருடம் வகுப்பில் சொன்னவள். வாங்கி வந்தது நான் என்பதால் அவள் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் நிருபராக இருந்தபோது ஒரு செய்தியில் பூஞ்சையைத் தாவரம் என்று எழுதிவிட்டேன். பேப்பரை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தாவரம்னா தனக்கு வேணுங்கிறதத் தானே ஆக்கிக்கிரும். இது அடுத்தவக ஆக்குனதத் திங்கிற இனம். உங்கள மாதிரின்னு வச்சுக்கங்க."

மருத்துவமனையில் நான்காம் நாள் அவளுடைய அண்ணன் வந்தார். திராட்சை விவசாயி. ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"மாப்ள, இந்த மருந்து கிட்னியக் கெடுக்கும்னு டாக்டர் சொன்னாகளே. கொடிக்கு அடிச்சா பூஞ்சாணம் சாகுது, கொடி நிக்குது. தங்கச்சிக்கு மட்டும் ஏன் இப்படி?"

அவளே பதில் சொன்னாள், கண்ணைத் திறக்காமல்.

"கொடி பூஞ்சைக்குத் தூரத்துச் சொந்தம்ணே. நாமதான் கிட்டத்துச் சொந்தம். அதக் கொல்றது நம்மளயும் தொடும்."

"நல்ல சொந்தம் பிடிச்ச போ, ஆத்தா" என்றவர், வராந்தாவுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அன்று மாலை அவள் கேட்டாள். "அந்த மாத்திரை என்னதுங்க?"

பெயரைச் சொன்னேன்.

"ரெண்டு தடவையுமா?"

"ஆமா."

"சரி" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் சிறுநீர் நின்றது. மருந்தை நிறுத்திக் கறுப்பு உறையைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் இறந்தாள்.