பதினேழாவது நெசவாளர்

ஆரணியில் யார் எந்த ஆராய்ச்சி செய்தாலும் அது ஸ்வர்ணலதாவின் கை வழியாகத்தான் வெளியே போகும். கல்லூரிக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. பொருளாதாரம் எம்.ஏ. படிக்கும்போது பகுதி நேரமாக வந்தவள், படிப்பு முடிந்ததும் முழு நேரமாகிவிட்டாள். டைப் அடிப்பாள், பிரின்ட் எடுப்பாள், ஓட்டை போட்டு ஸ்பைரல் மாட்டுவாள். போன வருடத்து ப்ராஜெக்டில் முதல் பக்கத்தை மட்டும் மாற்றித் தரச் சொல்கிற மகானுபாவர்களுக்கும் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவாள்.

நெசவாளர்களைப் பற்றிய ப்ராஜெக்ட் வந்தால் மட்டும் தொடமாட்டாள். "இத நீங்களே போட்டுடுங்க சார்" என்று முதலாளி பக்கம் தள்ளிவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வாள். ஏன் என்று அவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மூன்று வருடத்துக் கதையைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அப்போது அவளுக்கு எம்.ஏ. கடைசி செமஸ்டர். அதே வகுப்பில் சுபத்ரா என்று ஒருத்தி. வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காலனி. அப்பா இல்லை. அம்மா முனியம்மா கூலிக்குக் களை எடுக்கப் போகிறவள். அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் சுபத்ரா ஒருத்திதான். கடைசி செமஸ்டரில் செய்யாரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு வந்தால் அதிகம். வந்த நாளிலும் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்குவாள்.

வைவாவுக்கு முந்தின நாள் மதியம் அவள் கடைக்கு ஓடி வந்தாள். கையில் பென் டிரைவ்.

"லதா, நாலு காப்பி ஜல்தியா போட்டு வை. காலைல வந்து வாங்கிக்கிறேன். கம்பெனி பஸ்ஸு போயிடும்."

போய்விட்டாள். 'ஆரணிப் பட்டு நெசவாளர்களின் வாழ்நிலை', நூற்றிருபது பக்கம். பிரின்ட் எடுத்து பக்கம் சரி பார்த்துக்கொண்டு வரும்போது, பின்னிணைப்பில் பேட்டிகள். நாற்பது நெசவாளர்கள். பதினேழாவது ஆள் தனகோடி, வயது ஐம்பத்தாறு. 'தறியில் அமர்ந்து நெய்துகொண்டே பேசினார்' என்று போட்டு, கீழே தேதி. அந்தத் தேதியைப் பார்த்ததும் ஸ்வர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத் தை அமாவாசை. அமாவாசையன்று இந்த ஊரில் எந்த நெசவாளி தறியில் உட்காருவான்? தெருவே தலைக்குக் குளித்துவிட்டுப் படையல் வேலையில் இருக்கும். விவசாயக் கூலி வீட்டுப் பெண், காலண்டரில் வாய்க்கு வந்த தேதியைப் போட்டு வைத்திருக்கிறாள். எங்கிருந்தோ சுட்டிருக்கிறாள், சுத்தமாக மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே மேலே படித்தாள்.

'நீளப் போற பழைய பாவு நூலு தீர்ந்தா அதோட நுனியில புதுப் பாவை இழை இழையா முறுக்கிச் சேர்க்கணும். நான் மட்டும் முதல் இழையைக் கடைசியாத்தான் சேர்ப்பேன். மத்ததெல்லாம் ஒழுங்கா வந்துதான்னு அது பாத்துகினு இருக்கணும்.'

ஸ்வர்ணலதாவின் கை நின்றுவிட்டது. இந்த ஊரில் அப்படிச் செய்தவர் ஒரே ஒருவர்தான். அவளுடைய அப்பா இராஜமாணிக்கம். தெருவே அதற்காக அவரைக் கிண்டல் செய்யும். அவர் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

உடனே ஞாபகம் வந்துவிட்டது. அவர் சாவதற்கு முந்தின மாதம், வந்தவாசிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஹேமநாத் என்று ஒரு மாணவன் வந்து, போனைத் தறிமேல் வைத்துப் பதிவு செய்துகொண்டு போனான். அவனுடைய ப்ராஜெக்ட்டைத்தான் சுபத்ரா அட்டை முதல் அட்டை வரை எடுத்திருக்கிறாள்.

கோபம் வந்தது. வந்த கோபம் அடுத்த பக்கத்தில் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. 'உடல்நிலை' என்று ஒரு கேள்வி. அதற்கு அப்பாவின் பதில்:

'மிதியை மிதிச்சா நெஞ்சைப் புடிச்சுக்குது. நிறுத்தி நிறுத்தித்தான் நெய்யறேன். வீட்ல சொல்லல. பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது. முடியட்டும்னு இருக்கேன்.'

அந்த ஏப்ரலில் அவள் பி.ஏ. கடைசி வருடப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் விடியலில், எதற்கோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற அப்பா, பட்டன் போடும்போதே சாய்ந்துவிட்டார். நல்லா இருந்த மனுஷன், திடீர்னு போயிட்டார் என்று ஊர் சொன்னது. அம்மா கீதாவும் அதையே சொல்லி அழுதாள். அவளும் அதைத்தான் நம்பியிருந்தாள். இப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த மாதம் தறிச் சத்தம் அடிக்கடி நின்றது. படிக்க அமைதியாக இருக்கிறதே என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு நாள் கதவைக்கூடச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை சுபத்ரா வந்தபோது நான்கு காப்பியும் ஸ்பைரல் போட்டுத் தயாராக இருந்தன. ஸ்வர்ணலதா அவற்றை உடனே கொடுக்கவில்லை. பதினேழாம் ஆளின் பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

"இது யாருடி?"

"யாரு? பேரு போட்டுருக்குதே."

"நீ போய்ப் பாத்தியா இவர?"

சுபத்ராவுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அதுல பேரே இல்ல லதா. வெறும் நம்பர்தான் இருந்துச்சு. நான்தான் எங்க மாமா பேர வெச்சேன். நாப்பது வீடு ஏறி எறங்க எனக்கு ஏது நேரம்? டிகிரி முடிச்சா கம்பெனில ஆபீஸ் செக்‌ஷனுக்கு மாத்துறேன்னு சொல்லியிருக்கான். நின்னு நின்னு காலு வீங்கிப் போவுது. யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"எங்கப்பா."

சுபத்ரா அந்தப் பக்கத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். நெஞ்சு வலி என்ற இடத்துக்கு அவள் கண் போனதை ஸ்வர்ணலதா பார்த்தாள். பிறகு சுபத்ரா ரொம்ப மெதுவாகச் சொன்னாள்: "நீ போய் சார்கிட்ட சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

காப்பிகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, சொல்வதற்குத்தான் ஸ்வர்ணலதா கல்லூரிக்குள் போனாள். அவ்வளவு தூரம் எரிந்தது அவளுக்கு. செத்தவருடைய பேச்சைத் திருடி, மாமன் பேரை ஒட்டி, அமாவாசையில் தறியில் உட்கார வைத்திருக்கிறாள். ஆனால் படி ஏற ஏற வேறு யோசனைகள் வந்தன. காலனிப் பெண் என்றால் இப்படித்தான் என்று பேச வகுப்பில் நாலு வாய் தயாராக இருந்தது. அந்த வாய்களை அவளுக்குத் தெரியும். அதைவிட, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சார் கேட்பார். பக்கத்தைக் காட்ட வேண்டும். இந்த ஊரில் கல்லூரியில் சொன்னது சாயங்காலத்துக்குள் தெருவுக்கு வந்துவிடும். அம்மாவின் காதுக்குப் போகும். மகள் பரீட்சைக்காக வலியை மறைத்துச் செத்தார் என்று அம்மாவுக்குத் தெரிந்த பிறகு, அந்த வீட்டில் எந்த முகத்தோடு உட்கார்ந்து சோறு தின்பது? ஸ்வர்ணலதா பயந்தாள். நேர்மை, நட்பு எல்லாம் அந்தப் பயத்துக்குப் பின்னால்தான் நின்றன.

வைவா வகுப்பறையிலேயே நடந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் நெடுஞ்செழியன் நல்ல மனிதர், ஆனால் நெசவு என்றால் புடவையைத் தாண்டித் தெரியாது. சுபத்ராவின் ப்ராஜெக்ட்டைப் புரட்டி, பதினேழாம் ஆளிடம் வந்து நின்றார். அந்த முதல் இழைப் பேச்சை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். அப்பாவின் வார்த்தைகள் அந்த மனிதரின் வாயிலிருந்து வர வர ஸ்வர்ணலதா தன் ப்ராஜெக்ட் அட்டையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"என்னமா பேசியிருக்கார்! இவரை நான் பார்க்கணும். லதா, நீ அந்தப் பக்கம்தானே? தெரியுமா இவரை?"

சுபத்ரா தலையைத் தூக்கவே இல்லை. செத்து இரண்டு வருடம் ஆயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருட்டு வெளியே வந்துவிடும்.

"தெரியும் சார். இப்ப ஊர்ல இல்ல."

சொல்லிவிட்டாள். சொன்னபோது, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா செத்துப் போகவில்லை, ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

சுபத்ரா பாஸானாள். ஆபீஸ் செக்‌ஷனுக்கு மாறினாள். அதன்பிறகு கடைப் பக்கம் வரவில்லை. ஒரு முறை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தவள், புடவைக் கடைக்குள் புகுந்து ஒளிந்துகொண்டாள். ஸ்வர்ணலதாவும் தேடிப் போகவில்லை.

ஆனால் நெடுஞ்செழியன் விடுகிற ஆள் இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வரும்போதெல்லாம் கேட்பார். "அந்தத் தனகோடி வந்துட்டாரா?" முதலில் பெங்களூருக்குப் பெண் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றாள். அடுத்த முறை காஞ்சிபுரம். பிறகு அங்கேயே தங்கிவிட்டார் என்றாள். அவர் கேட்கக் கேட்க, அப்பா வெள்ளைச் சட்டையோடு எந்த ஊரிலும் நிற்க இடமில்லாமல் அலைவது போல அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. வீட்டில் அம்மா அதே தறியில் நெய்கிறாள். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து தறி நின்றால் போதும், இவள் போட்டது போட்டபடி ஓடி வந்து எட்டிப் பார்ப்பாள். "இன்னாடி, பேய் அறஞ்ச மாதிரி?" என்பாள் அம்மா. ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவாள். மூன்று வருடம் இப்படியே போயிற்று.

போன மாதம் ஒரு மதியம், இவள் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அம்மா கடைக்கு வந்திருந்தாள். அப்போது பார்த்தா நெடுஞ்செழியன் வர வேண்டும்? கையில் இனிப்புப் பெட்டி. அந்த வாரம்தான் பணி ஓய்வு.

"லதா, போறதுக்குள்ள அந்தத் தனகோடியை ஒரு தடவை பார்த்துடணும்மா. இப்பவாவது வந்தாரா?"

பக்கத்தில் அம்மா. அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் பொய் வாயிலிருந்து வர மறுத்தது.

"செத்துட்டாருங்க சார்."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடடா. நெஞ்சு வலின்னு அந்தப் பேட்டியிலேயே சொல்லியிருந்தாரே. மிதியை மிதிச்சா புடிச்சுக்குது, பொண்ணு பரீட்சை முடியட்டும்னு வீட்டுல மறைச்சிருக்கேன்னு. முதல் இழையைக் கடைசியா சேர்ப்பேன்னு சொன்ன மனுஷன்! நாம யாராவது அந்த வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், லதா." இனிப்பைக் கொடுத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே சாலையைத் தாண்டிப் போனார்.

ஸ்வர்ணலதா அம்மாவைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தப் பேச்சுக்குப் பயந்து ஒரு திருட்டை மூடி, மூன்று வருடம் பொய் சொன்னாளோ, அந்தப் பேச்சு பட்டப்பகலில் கடை நடுவில் கொட்டிக் கிடந்தது.

"மொத இழைன்னாரே. உங்கப்பாவா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"உனுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"மூணு வருஷமா. நீ தாங்கமாட்டேன்னு..."

அம்மா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். தூக்கு அவள் மடியிலேயே இருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும். வீட்ல தெரியாதுன்னு வந்தவங்ககிட்ட சும்மா சொல்லியிருப்பாரு. தைலம் தேச்சிவுட்டதே நான்தானே? ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு தெனமும் அழுவேன். பரீட்சை முடியற வரைக்கும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு உம்மேல சத்தியம் வாங்கிட்டாரு. முடிஞ்ச மறுநாள் மொத பஸ்ஸுல வேலூரு போறதா இருந்தோம். அதுக்குத்தான் அந்தச் சட்டையப் போட்டாரு."

ஸ்வர்ணலதா மெஷினை அணைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் பக்கம் பார்க்காமல், தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டே, ஆறுதலாகத்தான் சொன்னாள்:

"தறி நின்னாப் போதும், பயந்துகினே கதவப் பாப்பாரு. எங்க நீ எழுந்து வந்து இன்னாப்பா ஆச்சின்னு கேட்டுடப் போறியோன்னு. நீ ஒரு வாட்டிகூட வரல. நல்ல வேளைன்னு சொல்லுவாரு."