கீறல் கேட்கும் காது

“ஒரே சுண்டு சுண்டுனா போதும், கண்ணாடி தன் ஜாதகத்தையே எங்கிட்ட சொல்லிடும். கீறல் வுழுந்தது ஒண்ணுகூட என் காதத் தாண்டி அலமாரிக்குப் போவாது. எழுதி வெச்சிக்கோ!”

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். அங்கே கண்ணாடி கழுவும் தொட்டி முன் நின்று மங்களம் அம்மையார் இந்தப் பிரகடனத்தைச் செய்தார். சபையில் இருந்தது கெமிஸ்ட்டாகச் சேர்ந்து நாலே நாளான கவிப்பிரியா மட்டும்தான். அவள் எழுதி வைக்கவில்லை, சிரித்தாள்.

“என்னக்கா, டாக்டர் மாதிரி வயித்தத் தட்டிப் பாக்குறீங்க?”

“டாக்டரு ஃபீஸ் கேப்பான். எனுக்கு ஒரு டீ வாங்கிக் குட்த்தா போதும் கண்ணு.”

கழுவிய குடுவையைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, நடுவிரலால் வயிற்றில் ஒரு சுண்டு. ‘ணங்’ என்றால் அலமாரி. ‘டொக்’ என்றால் சிவப்பு வாளி. கண்ணாடிப் பாதுகாப்புக்கென்று கூடத்தில் ஒன்பது கோப்புகள் இருந்தன. தணிக்கைக்கு வந்த பெரியவர்கள் ஒன்பதையும் படித்துக் கையெழுத்திட்டார்கள். அந்த நடுவிரலைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

அந்தக் காதுக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கே வருவதற்கு முன் பதினாறு வருடம் அம்மையார் அதே எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு அடித்தார். நாளெல்லாம் ‘டமார் டமார்’. காதுக்குப் பாதுகாப்பு, மெஷின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சு. அந்தச் சம்பளத்தில்தான் கணவர் போன பிறகும் கள்ளிக்குப்பத்து வீடு நின்றது, மகளுக்குக் கல்யாணம் ஆனது. காது மட்டும் பின்னால் மெதுவாகப் புறப்பட்டது. முதலில் குக்கர் விசில் போனது. அப்புறம் செல்போன் மணி. போன மழைக்காலத்தில் ‘ணங்’கும் போய்விட்டது. அம்மையார் இதை யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல் சுண்டினார், வழக்கம்போல் தலையாட்டினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அலமாரியில் வைத்தார்.

சில மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கவிப்பிரியா அமிலம் ஊற்றிச் சூடேற்றிய குடுவை வெடித்தது. வலது முன்கை வெந்துபோனது.

மேலாளர் கிருபாகரன் விசாரணைக் குழு அமைத்தார். குழுவில் அவர் ஒருவரே. இருபது நிமிடத்தில் உண்மை வெளிவந்தது: ‘அவசரப்பட்டுச் சூடேற்றியது’. தகுதிகாண் காலம் மாதக் கடைசியில் முடிவதால், அத்தோடு அவளை அனுப்பிவிடுவதென்று தீர்ப்பு.

“நான் மெதுவாத்தான்கா ஏத்துனேன்,” என்றாள், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

“இன்னா?” என்று கேட்டார் அம்மையார். அவள் அழுதுகொண்டே இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

சில்லுகளை இடுக்கியால் பொறுக்குவதும் அவர் வேலைதான். ஒரு துண்டின் விளிம்பு பாதி பளபளவென்றும் பாதி பழுப்பாகவும் இருந்தது. பளபளப்பு அன்றைக்கு உடைந்தது. பழுப்பு பல நாள் கீறல். ஒவ்வொரு கழுவலிலும் அதில் அழுக்கு ஏறியிருக்கிறது. கழுவியவர், சுண்டியவர், தலையாட்டி அலமாரியில் வைத்தவர் எல்லாம் ஒரே ஆள்.

அந்தத் துண்டு காகிதத்தில் சுற்றப்பட்டு இரண்டு நாள் அவருடைய சாப்பாட்டுப் பையில் இருந்தது. ஐம்பத்தாறு வயதில், காது கேட்காதவளை இந்த எஸ்டேட்டில் எவன் வேலைக்கு வைப்பான்? இரண்டு நாளும் சோறு அப்படியே திரும்பிப் போனது.

மூன்றாம் நாள் மேலாளர் அறைக்குப் போய்க் காகிதத்தைப் பிரித்து வைத்தார். பக்கத்தில் இரண்டு குடுவைகள்.

“இதுல ஒண்ணு கீறல் வுழுந்தது சார். சுண்டிப் பாரு.”

கிருபாகரன் சுண்டினார். “இதுதான். டொக்குனு கேக்குதே. எதுக்கும்மா இந்த விளையாட்டு?”

அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். “இப்ப மாத்தி வை.”

மாற்றி வைத்தார். அம்மையார் தடவி எடுத்து, ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துச் சுண்டினார். மறுபடியும் சுண்டினார். பிறகு கண்ணைத் திறந்து இரண்டையும் மெல்ல மேசையில் இறக்கினார்.

“எனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கீது சார். அந்தப் பொண்ண அனுப்பாத.”