பிளக்ஸில் மட்டும் இருந்த ஹெல்மெட்

மந்தாரக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு எதிரே அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். படத்தில் அவர் தலையில் மஞ்சள் ஹெல்மெட். கீழே, அப்பாவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ஒப்பந்ததாரர் சிவசங்கரின் பெயர்.

அப்பா சாமிக்கண்ணு ஹெல்மெட் போட்டதே இல்லை. கொடுத்தால்தானே போடுவார். தலையில் துண்டுதான். ஆதார் அட்டைப் படத்தில் ஹெல்மெட்டை ஒட்டியிருந்தார்கள்.

நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றித் தண்ணீர் இறைக்கும் ஆழ்துளைக் கிணறுகளில் குழாய் இறக்கப் பழகியவர். அங்கே கடைசிவரை கான்ட்ராக்ட்தான், நிரந்தரமாக்கவில்லை. பிறகு எரிவாயுக் கிணறுகளுக்குப் போனார். வீட்டில் சிலிண்டர் மாற்றினால், சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டார்.

"இருக்கற சோப்பையெல்லாம் சிலிண்டருக்கே தேச்சிக்கினு இருக்காரு. இவரு எப்ப குளிக்கறது?" என்பாள் அம்மா.

கிணற்றுக்குள் தொங்கும் குழாய்த் தொடரின் பாரத்தை மேலே ஹேங்கர் என்ற இரும்பு வளையம் தாங்கும். அதைச் சுற்றி வாயு கசியாமல் சீல். ஹேங்கரை இறுக்கிப் பிடிக்கும் பூட்டுத் திருகுகளை முழுக்க முறுக்கி, ஆட்கள் விலகிய பிறகே அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். இது நான் கல்லூரியில் படித்தது. விபத்து நடந்த அன்று, துளை போடும் ரிக் அடுத்த இடத்துக்குப் போக வேண்டுமாம். அப்பா முறுக்கிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் ஏற்றும் பம்பை ஓட்டச் சொன்னார் சிவசங்கர். ஒரு திருகு பிய்த்துக்கொண்டு வந்து நெற்றியில் அடித்தது.

ஹெல்மெட் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. கொடுத்த ஹெல்மெட்டை அவரே கழற்றி வைத்தார் என்று சிவசங்கர் போலீசில் சொன்னது தெரியும். அதற்குத்தான் இந்தப் படம்.

கருமாதியன்று காலை, பிளக்ஸில் சிவசங்கரின் பெயருக்கு மேலேயே மார்க்கரால் எழுதினேன்: 'இந்த ஹெல்மெட் பிளக்ஸ் கடையில் போட்டது. வேலையில் கொடுக்கவில்லை.'

சிவசங்கர் மாலையோடு வந்தார்.

"என்னம்மா இது, படிச்ச பொண்ணு? சாவு வூட்டுல தகராறு வேணாம்னு பாக்கறேன்."

வாசலிலிருந்து அம்மா கத்தினாள்: "இத்த சாவு வூடா ஆக்குனதே நீதானய்யா!"

பந்தலில் உட்கார்ந்திருந்த கொளஞ்சிநாதன் எழுந்து வந்தார். அன்று பம்பை ஓட்டியவர்.

"அந்த மார்க்கர இப்டி குடு பாப்பா."

"கொளஞ்சி, நாளைக்கு வேல வேணுமா, வேணாமா?" என்றார் சிவசங்கர்.

கொளஞ்சிநாதன் என் கையிலிருந்து மார்க்கரை வாங்கினார். 'எனக்கும் குடுக்கல' என்று கோணல் எழுத்தில் எழுதித் தன் பெயரைப் போட்டார்.

"ஸ்டேஷனுக்கும் வரேன், பாப்பா. பம்ப ஓட்டுனது நான். ஓட்டச் சொன்னது யாருன்னு சொல்றன்."