சாந்தினிக்குக் கொடுத்த உருண்டை

பூந்தமல்லியில் குதிரைக்கார நிஜாமுதீன் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் சாந்தினி, வெள்ளைக் குதிரை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமப்பது அதன் வேலை. கயிற்றைப் பிடித்து நடப்பது நிஜாமுதீன் வேலை. லத்தி அள்ளுவது, கொள்ளு வேகவைப்பது, பிடரி சீவுவது எல்லாம் அவர் மனைவி ஃபக்ருன்னிசாவின் பாடு. சாந்தினியின் உழைப்பில்தான் மகள் ஷிபாவைப் பாடி ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அல்லா அந்த ஜீவன் மூலமாகத்தான் சோறு போடுகிறான் என்பாள் ஃபக்ருன்னிசா.

மழைக்காலம் முடிந்ததும் சாந்தினிக்கு இருமல் பிடித்தது. திருமழிசையில் ஒரு ஊர்வலம். மாப்பிள்ளை மேலே உட்கார்ந்திருக்க, அது நின்று நின்று இருமியது. பேண்டு செட்டு கோதண்டம் சும்மா விடுவாரா?

"இன்னா பாய், என் டிரம்பெட்டுக்குப் போட்டியா உன் குதிர ஊதிக்கினு கீது? இப்படியே போனா நான் வேற குதிரதான் பாக்கணும். இத்த பீச்சுல சவாரி உடுறவன்கிட்ட குடுத்துரு."

"வாய மூடிக்கினு வாசி, கோதண்டம்" என்றார் நிஜாமுதீன். ஆனால் வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பீச் என்று அவர் சொன்னதுமே ஃபக்ருன்னிசா எழுந்துபோய்ச் சாந்தினியின் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

கால்நடை டாக்டர் சித்ராவை வரவழைத்தார்கள். மார்பில் குழாய் வைத்துப் பார்த்து ஊசி போட்டார்.

"தூசியும் புகையும் இதுக்கு ஆகாதும்மா. காய்ஞ்ச புல்ல நல்லா நனைச்சுப் போடுங்க. கொட்டகையில புகை ஏதாவது போடுறீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா. நம்ம ஊட்ல கேஸ் அடுப்பு. இவரு பீடி தொடமாட்டாரு. கொசுவத்திகூடக் கெடயாது. மூலிகைப் பொடி எதுனா குடுக்கலாங்களா?"

"ஆடாதோடை, அதிமதுரம், திப்பிலி கொஞ்சமா குடுங்க. மூச்சுக்கு இதமா இருக்கும். அது மட்டும் போதும்னு இருந்துராதீங்க."

ஃபக்ருன்னிசா ஆடாதோடை இலையைக் காயவைத்து, மற்றதோடு சேர்த்து இடித்துச் சலித்தாள். முதல் நாள் தவிட்டின் மேல் தூவினாள். சாந்தினி ஒரு தும்மல் போட்டது. பொடி முழுக்க அவள் முகத்தில்.

"எனக்கா இருமல்? அடிப்பாவி!"

மறுநாளிலிருந்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்தாள். அப்புறம் சாந்தினி அவள் முந்தானையையே மோந்துகொண்டு நின்றது.

இருமல் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திரும்ப வந்தது. நிஜாமுதீன் ஜும்மாவுக்குக் கிளம்பும்போது கொட்டகையில் இருமல் சத்தம். இரண்டு நாளில் தணியும், அடுத்த வெள்ளிக்கு மறுபடியும். பொடி போதவில்லை என்று திப்பிலியைக் கூட்டினாள். தொழுகையில் துஆவையும் கூட்டினாள்.

ஒரு வியாழக்கிழமை ஷிபாவின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பாடிக்குப் போய்த் தங்கிவிட்டாள். மறுநாள் மதியம் வந்தால் கொட்டகை அமைதியாக இருந்தது.

"காலைலேந்து ஒரு இருமல் இல்ல" என்று நிஜாமுதீன் சிரித்தார். "உருண்ட நான்தான் குடுத்தேன். எல்லாம் என் கைராசி."

ஃபக்ருன்னிசா சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய சாம்பிராணிக் கரண்டியையே பார்த்தாள். வியாழன்தோறும் அந்தியில் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வீடெல்லாம் காட்டிவிட்டு, கண்ணேறு படக்கூடாதென்று சாந்தினியையும் சுற்றிவருவாள். நேற்று அதுதான் இல்லை.

"ஏங்க, சாம்பிராணியும் புகதானே?"

"இன்னா பேசுற? சாம்பிராணி சாம்பிராணி. புகன்னா அது வந்து..."

"டாக்டரம்மா கேட்டாங்களே, இல்லன்னுட்டேனே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். சாந்தினிக்கு எதுவும் ஆகக்கூடாதென்று போட்டதுதான். அதுவே அதன் நெஞ்சை அடைத்திருக்கிறது.

அடுத்த வியாழன் கரண்டியைத் தொடவில்லை. கொட்டகைக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோனாள். அல்ஹம்து சூரா ஓதி அதில் ஊதினாள். காய்ந்த புல் முழுதும் நனையும்படி ஊற்றினாள். டாக்டர் சொன்னதும் ஆயிற்று, ஓதியதும் ஆயிற்று. பிறகு உருண்டையை நீட்டினாள்.

தை முகூர்த்தத்தில் செம்பரம்பாக்கத்தில் ஊர்வலம். கோதண்டம் அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு முழுக்க அவருடைய டிரம்பெட் மட்டும்தான் ஊதியது.