பாட்டிலில் ஒட்டிய காகிதம்

காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி–போரூர் சாலையை ஒட்டி இருந்த ஒரு டாக்டரின் கிளினிக்கில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். எட்டாவது வரைதான் படிப்பு. ஆனாலும் எல்லாரும் என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் நர்ஸ் இல்லை என்று ஒரு நாளும் யாரையும் திருத்தியதில்லை. எதற்குத் திருத்த வேண்டும்? கட்டுக் கட்டினேன், சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்தேன், மருந்து கலந்தேன், டாக்டர் சொன்னால் ஊசியும் போட்டேன். என் அம்மா இதே ஊரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். நான் ஃபேனுக்குக் கீழே நின்று வேலை செய்தேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

அப்போதெல்லாம் பாதி மருந்து கிளினிக்கிலேயே கலந்து கொடுப்பதுதான். நோயாளிகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். மருந்தை ஊற்றி, பாட்டிலின் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பேன். காகிதத்தை மடித்து ஓரத்தைக் கத்தரியால் வெட்டி விரித்தால் சம இடைவெளியில் பல் பல்லாக வரும். ஒரு பல் ஒரு வேளை. காலை, மதியம், ராத்திரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும். எங்கள் பக்கத்தில் பாட்டிலில் காகிதம் இருந்தால் மூன்று வேளை, வேளைக்கு ஒரு பல் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பட்டையை என்னைப்போல நேராக வெட்ட இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்று டாக்டரே ஒரு முறை சொன்னார். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் அவள் வந்தாள். மாங்காட்டுப் பெண். இருபது வயசு. பிளஸ் டூ முடித்து, சுகாதாரப் பணியாளர் படிப்பு ஒன்று ஆறு மாதம் படித்திருந்தாள். கூட்டம் அதிகமாகிவிட்டது, உங்களுக்கு உதவிக்கு ஒரு ஆள் என்றார் டாக்டர். உதவிக்குத்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

அவள் வந்த இரண்டாவது மாதம் பூந்தமல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுற்றுவட்டாரத்து டாக்டர்களிடம் வேலை செய்கிறவர்களைச் சுகாதாரத் துறைக்காரர்கள் மாதம் ஒரு முறை கூப்பிட்டுப் பேசப் போகிறார்களாம். எந்தத் தெருவில் மஞ்சள் காமாலை, எந்த ஊரில் அம்மை, எந்தத் தடுப்பூசி எப்போது, நோயாளிகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தெரிவிப்பார்கள். நமக்கு ஏதாவது சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம். கிளினிக்குக்கு ஒருவர் வரவேண்டும். கடிதத்தை டாக்டர் வாசித்துக் காட்டியபோதே எந்தப் புடவை கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

டாக்டர் அவளைப் போகச் சொன்னார்.

"நீங்க போயிட்டா இங்க யாரும்மா பாத்துக்கறது?" என்றார் என்னிடம். இப்போது யோசித்தால் அது பாராட்டு. அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டாவது படித்தவளைச் சபைக்கு அனுப்ப வெட்கப்படுகிறார் என்றுதான் தோன்றியது. அன்று பூராவும் சிரிஞ்சுகளை டிரேயில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

அவள் போய்வந்தாள். கையில் சைக்ளோஸ்டைல் எடுத்த ஒரு தாள். மறுநாள் காலையில் வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, தாளில் இருந்ததை எளிமையாக மாற்றிச் சாக்பீஸில் எழுதினாள். காய்ச்சின தண்ணீர் குடியுங்கள், இன்ன தேதி சொட்டு மருந்து, இந்த வாரம் கண்வலி பரவுகிறது, துண்டைப் பொதுவில் வைக்காதீர்கள். எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட நடந்து வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அறிவுள்ள காரியம்தான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். துடைத்த ஈரத் துணிகளைக் காயப்போட அந்தப் பலகையின் மூலையைவிட நல்ல இடம் எனக்கு அந்த வாசலில் கிடைக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துக் கொடியில் போடுவாள். மறுநாளும் நான் அங்கேயே போடுவேன்.

அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும், "கூட்டத்துல சொன்னாங்கக்கா" என்பாள். சிரிஞ்சை இவ்வளவு நேரம் கொதிக்க வைக்கணும், கூட்டத்துல சொன்னாங்கக்கா. தடுப்பூசி மருந்தை ஃபிரிட்ஜ் கதவுப் பக்கம் வைக்கக் கூடாது, கூட்டத்துல சொன்னாங்கக்கா. அடக்கமாகத்தான் சொல்வாள். டாக்டரும், "அப்படியா, வேற என்ன சொன்னாங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்துக் கேட்பார். பன்னிரண்டு வருஷத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தூசி தட்டியிருக்கிறேன்.

ஐப்பசி மழை முடிந்த கையோடு எங்கள் தெருக்களில் வயிற்றுப்போக்கு வந்தது. கிணற்றுத் தண்ணீர் கலங்கிப்போயிருந்தது. அந்த மாதக் கூட்டத்திலிருந்து வந்தவள், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொட்டலத்தை ஒரு லிட்டர் ஆறின வெந்நீரில் கலக்கும் விதத்தைக் காட்டினாள். முதல் பாட்டிலை நாமே கலந்து கொடுத்தனுப்பினால் வீட்டில் அதைப் பார்த்துக் கலந்துகொள்வார்கள் என்றாள். குழந்தை ஒவ்வொரு முறை போகும்போதும் கொடுக்கணும், அது கேட்கிற அளவுக்குக் கொடுக்கணும், அளவே கிடையாது. டாக்டர் அந்த வேலையை அவள் பொறுப்பில் விட்டார்.

அவள் என்னிடம் தனியாக வந்து சொன்னாள். "அக்கா, இந்தப் பாட்டிலுக்கு மட்டும் காயிதம் ஒட்டாதீங்க. காயிதத்தப் பாத்தா ஜனங்க மருந்துன்னு நெனச்சிகினு மூணு வேள கணக்கா குடுப்பாங்க."

இது கூட்டத்தில் சொன்னதில்லை. அவளே யோசித்தது. சரியாகத்தான் யோசித்திருந்தாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. என் கையில் இருந்த ஒரே வித்தை அது. அதையும் வேண்டாம் என்கிறாள் என்றுதான் என் காதில் விழுந்தது. "எனக்கு நீ சொல்லித்தரத் தேவையில்ல. போய் போர்டு எழுது" என்றேன்.

அவள் போர்டு எழுதப் போனாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, ஒன்றரை வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் பிரசவத்திலிருந்து எனக்குப் பழக்கம். கலந்து வைத்திருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா நர்சம்மா, காயிதம் இல்லாம குடுக்கறே? எவ்ளோ குடுக்கறதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

அவள் அப்படிக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க முடியாது. பார், ஜனங்களுக்கு என் காகிதம்தான் வேண்டியிருக்கிறது. கத்தரியை எடுத்தேன். அளவெடுத்ததுபோல ஆறு பல். பசை தடவி, சுருக்கமில்லாமல் ஒட்டிக் கொடுத்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காகிதத்தைப் பார்க்காதே, கேட்கக் கேட்கக் கொடு என்று. சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றால் பொய். அது அந்த மாங்காட்டுப் பெண்ணுடைய வார்த்தை. என் வாயால் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைக்குக் கண் உள்ளே போயிருந்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. அழக்கூட முடியவில்லை அதற்கு. டாக்டர் பார்த்ததும் எழுந்துவிட்டார். "தண்ணி கொடுத்தீங்களா இல்லையா?"

"குடுத்தேன் சார். காயிதத்துல கீற மாதிரியே மூணு வேளயும் ஒவ்வொரு பல்லு குடுத்தேன். புள்ள இன்னும் குடுன்னு அழுதுச்சி சார். மருந்தாச்சே, ஜாஸ்தியா பூட்டா இன்னா ஆவறதுன்னு நான்தான் குடுக்கல."

டாக்டர் ஆட்டோ பிடித்து, கடிதம் எழுதி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். சலைன் ஏற்ற வேண்டும், உடனே போங்கள் என்றார். ஆட்டோ கண்ணுக்கு மறைந்ததும் உள்ளே வந்து மாங்காட்டுப் பெண்ணிடம்தான் திரும்பினார். என்னிடம் இல்லை.

"இது உன் பொறுப்புன்னுதானே விட்டேன்? காகிதத்தை ஒட்டி அனுப்பியிருக்கே. கூட்டத்துக்குப் போய் இதைத்தான் கத்துக்கிட்டியா? அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கொதிக்கிற தண்ணீரில் கிடந்த சிரிஞ்சுகளைப் பார்த்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன், சத்தியமாக வேண்டிக்கொண்டேன். அதே நேரத்தில், அவள் திட்டு வாங்குவது எனக்கு இனித்தது. இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன.

"இனிமே கூட்டத்துக்கு நர்சம்மா போகட்டும்" என்றார் டாக்டர். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரம் முடியும்வரை வந்தாள். திங்கட்கிழமை வரவில்லை.

நாலு நாளில் பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவிலேயே விஷயத்தை மூடிவிடலாம் என்று பார்த்தேன். கரும்பலகையில் நானே எழுதினேன். வரி மேலே ஏறிக்கொண்டே போயிற்று. ஆனால் என் எழுத்து.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பச்சைப் பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மாடியில் ஒரு பெரிய அறை. ஆவடி, திருவேற்காடு, குமணன்சாவடி என்று பல இடத்து கிளினிக் பெண்கள், நாலைந்து கம்பவுண்டர்கள். டீ கொடுத்தார்கள், பன் கொடுத்தார்கள். உட்கார ஆளுக்கொரு நாற்காலி. எவ்வளவு நாள் ஏங்கியிருக்கிறேன் இதற்கு! நல்லா சாய்ந்து உட்கார்ந்தேன்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்த அம்மா, உப்பு சர்க்கரைத் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். பருத்திப்பட்டிலிருந்து வந்த ஒருத்தி எழுந்தாள். என் வயசு இருக்கும். என்னைப்போலவே படிக்காதவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மேடம், ஜனங்க அளவு கேக்குதுங்க. நாங்க பாட்டில்ல காயிதம் ஒட்டிக் குடுத்துரலாம்னு கீறோம். நாளைக்கே குடுக்கப் போறோம். ஒட்டலாமில்ல?"

அந்த அம்மாவுக்கு அந்தக் காகிதம் என்னவென்றே சரியாகப் புரியவில்லை. "அளவு தெரிஞ்சா நல்லதுதானே" என்று தொடங்கினார். நான் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பருத்திப்பட்டில் எந்தப் பிள்ளை, யார் பெற்றது, எனக்கென்ன தெரியும்? ஆனால் அந்தக் கண் உள்ளே போன முகம் தெரியுமே.

எழுந்து நின்றுவிட்டேன். "ஒட்டாதீங்க" என்றேன். மறுபடியும் சொன்னேன். "ஒட்டாதீங்க. எங்க கிளினிக்ல ஒட்டி ஒரு கொழந்த சாகக் கெடந்துச்சி. ஒட்னது நான்தான்."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்ட வேண்டாம் என்று ஒரு பெண் முன்கூட்டியே சொன்னதையும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. இரண்டு பேர், "ஐயோ, நாங்களும் ஒட்டித்தான் குடுத்துகினு கீறோம்" என்று பதறினார்கள். அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். வாயில் வந்தபடி திட்டுவார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நின்றேன். "அந்தப் பொண்ணைப் போய்க் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு மாதம் தேவைக்கு மேல் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டுக்குப் போனேன். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்கக்கா, உள்ள வாங்க" என்றாள். நான் உட்காரவில்லை. நடந்ததையெல்லாம் நின்றபடியே சொல்லி, டாக்டர் கூப்பிடுகிறார் என்றேன்.

"வேற கிளினிக்ல சேந்துட்டேங்கா. இங்கயே பக்கத்துல" என்றாள்.

"நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, நான்தான் ஒட்னேன்னு. ஒட்டாதேன்னு நீ சொன்னியே. ஏன் சொல்லல?"

அவள் கையில் இருந்த ஈரத்தை மறுபடியும் புடவையில் துடைத்தாள்.

"நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேங்கா. நர்சம்மா பொய் பேச மாட்டாங்க, இதோ இப்போ சொல்லிடுவாங்கன்னு உங்க மொகத்தையே பாத்துகினு இருந்தேன். சனிக்கெழம வரிக்கும் பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு டீ போட உள்ளே போனாள். நான் குடிக்காமலே கிளம்பிவிட்டேன்.

பஸ் வர நேரமாயிற்று. அவளுடைய படிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், எழுத்தைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, நாற்காலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் அந்த நிறுத்தத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அத்தனை நாள் என் வாயை நம்பிக் காத்திருந்தாளே, அதைப் பார்த்து வந்த பொறாமை மட்டும் இன்றுவரை போகவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் அவளைக் கைகாட்டியிருப்பேன்.