தங்க நிறக் கேனும் ஹந்தானை ஏற்றமும்

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகள் போன் பண்ணினாள். "அம்மா, வேன் புகையுது. நஸீர் நானா எங்கள எல்லாம் இறங்கச் சொல்லிட்டாரு."

எல்லோருக்கும் அண்ணன் முறையான நஸீர் நானா எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கண்டிப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குபவர். அவருடைய டீசல் வேனுக்கு என் கல்யாணத்தைவிட வயது அதிகம். அது ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். எனக்கும் அதே வயதில் ஒரு டீசல் கார் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஹந்தானை மலை ஏற்றத்தின் பாதியில் வேன் நின்றது. பின்னால் நீலப் புகை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்... நானாவின் முகத்தில் மட்டும் உயிரில்லை.

டேஷ்போர்டை எட்டிப் பார்த்தேன். ஒயில் லைட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முயல் ஸ்டிக்கர்!

"என்னங்க நானா இது?"

"ரெண்டு மூணு நாளா செவப்பு லைட்டு எரியிற டீச்சர். புள்ளைகள் என்னா என்னான்னு கேட்டுக்கிட்டே ஈக்கிற. அதான் ஒட்டின."

ஆபத்து என்று கத்துகிறவனின் வாயில் பிளாஸ்டர் ஒட்டியாயிற்று. பிரச்சினை தீர்ந்தது!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளே இருந்தது என் பிள்ளை. ஒயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் கொஞ்சம் ஈரம். அந்த ஒயிலும் தண்ணீர் மாதிரி ஓடியது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் எஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்திருக்கும். பிறகு வேனை இரும்புக் கடைக்குத்தான் தள்ளவேண்டும்.

"என்ன ஒயில் போட்டீங்க?"

நானா குனிந்துகொண்டார். பிறகு கதை வந்தது. அவருடைய மனைவியின் தம்பி ரிஸ்வானுக்குக் கட்டாரில் வேலை. போன மாதம் அவர் அனுப்பிய கார்கோ பெட்டியைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால் திறந்திருக்கிறார்கள். சவர்க்காரம், அத்தர், பால்மா டின், கம்பளி... நடுவில் தங்க நிறத்தில் இரண்டு கேன் எஞ்சின் ஒயில்! மச்சானுக்கென்றே வந்த சாமான். ஷோகேஸில் பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் வைத்திருந்து, வந்தவர் போனவர் எல்லாம் தடவிப் பார்த்த பிறகுதான் வேனுக்குள் ஊற்றியிருக்கிறார்.

"பொஞ்சாதிட தம்பி ஆசையா அனுப்பின டீச்சர். வேணாம்னு எப்பிடிச் சொல்ற?"

அப்படியானால் எஞ்சினுக்குள் போனது ஒயில் அல்ல. மரியாதை.

நம் ஊர் ஆண்களை எனக்குத் தெரியாதா? மார்க்கெட்டில் ஒரு கட்டுக் கீரையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் ஒயில் என்று வந்தால் மட்டும் கேனின் நிறம், விலை, வந்த நாடு — இவ்வளவும் போதும். இன்னும் சிலர் இரண்டு விரலில் தேய்த்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நெய் வாங்குகிற மாதிரி தலையாட்டுவார்கள். கேனைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தால் மட்டும் கௌரவம் குறைந்துவிடும்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது? எஸ் என்று தொடங்கும் குறி பெட்ரோல் எஞ்சினுக்கு. சீ என்று தொடங்குவது டீசலுக்கு. டபிள்யூவுக்குப் பிறகு வரும் எண், சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு; எண் கூடினால் தடிப்பும் கூடும். வேனுக்குள் கிடந்த ரிஸ்வானின் தங்கக் கேனில் இருந்தது எஸ் மட்டும், எண் இருபது. புத்தம் புதுப் பெட்ரோல் காருக்கு அருமையான சாமான்! தேய்ந்துபோன டீசல் எஞ்சினுக்குள் அது நிற்குமா? பாதி சீல் வழியே ஒழுகிவிட்டது, மீதி புகையாகப் போய்விட்டது.

பிள்ளைகளை இன்னொரு வேனில் அனுப்பிவிட்டு, வேனை ஆறவிட்டு, குறைந்த ஒயிலுக்கு என் காரில் இருந்த கேனை ஊற்றி, மெதுவாகக் கராஜில் இறக்கினோம். பிறகு டவுனில் பார்ட்ஸ் கடை. முதலாளி என்னைத் தாண்டி நானாவைப் பார்த்தே பேசினார்.

"இத எடுங்க. ஆக விலை கூடினது இதுதான்."

"டீசலுக்குச் சரியா?" இது நான்.

"மேடம், விலை கூடினா எல்லாத்துக்கும் சரி."

எவ்வளவு பெரிய விஞ்ஞானம்! கேன்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். கீழ்த்தட்டில் தூசி பிடித்து ஒன்று இருந்தது. பதினைந்து டபிள்யூ நாற்பது, சீ குறி, மூடியின் சீல் உடையவில்லை. முதலாளி காட்டிய கேனின் விலையில் பாதிகூட இல்லை. ஒரு ஃபில்டரும் எடுத்தேன். பழைய டீசலுக்கு இது தாராளம். காலம் தவறாமல் மாற்றினால் போதும்.

முதலாளி சில்லறையை நானாவின் கையில்தான் கொடுத்தார். காசு கொடுத்தது நான்.

கராஜில் முயல் ஸ்டிக்கரை என் கையாலேயே உரித்தேன். புது ஒயில் ஊற்றியதும் லைட் அணைந்தது. புகை கொஞ்சம் மிச்சமிருந்தது. வேனின் வயதுக்கு அதுவும் இல்லாமல் இருக்குமா?

நானா நிம்மதியாக மூச்சுவிட்ட அதே நேரம் அவருடைய போன் அலறியது. வீடியோ கோல். ரிஸ்வான்!

"மச்சான்! நம்மட ஒயில் எப்பிடி? வேன் பறக்குதா?"

நானா என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். இப்போது 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை வந்தால் அடுத்த பெட்டியில் நாலு கேன் வரும். அதையும் இவர் ஊற்றுவார். என் பிள்ளை மறுபடியும் நடுரோட்டில் நிற்கும்.

"மச்சான்... அந்த ஒயில் வேனுக்கு ஒத்துவரல்ல. எஞ்சின் பிடிக்கப் பார்த்த."

கட்டாரிலிருந்து தீர்ப்பு வந்தது.

"ஒயில்ல பிழை ஈக்க ஏலாது மச்சான். வேனத்தான் மாத்தோணும்!"

நான் வாயைத் திறப்பதற்குள் நானா முந்திக்கொண்டார். போனை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வேன் ஈக்கட்டும் மச்சான். இனி பெட்டில பால்மா மட்டும் போடுங்க."